வாசகர் கேள்வி–பதில்: தண்ணீர் ஏறும் முன்னே பெயரைக் கொடுங்கள்

(பினாங்கில் மாவட்ட அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார், இந்த இதழில் மழைக்காலக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: அம்மா, சுங்கை பினாங்கு ஆற்றோரம் குடியிருக்கிறோம். என் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். 2017 நவம்பர் வெள்ளத்தில் அண்டைவீட்டுப் பையன்கள்தாம் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். யாரைக் கேட்டாலும் வேறொரு இலாகாவைக் கைகாட்டுகிறார்கள். உண்மையில் யார் பொறுப்பு?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: மாவட்ட அதிகாரி பொறுப்பு, மகளே. படகில் வருவது பொம்பாவாக (தீயணைப்பு மீட்புப் படை) இருக்கலாம், போலீசாக இருக்கலாம், பொது தற்காப்புப் படையாக இருக்கலாம். ஆனால் மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. குழுவின் செயலக வேலையைப் பொது தற்காப்புப் படை பார்க்கிறது. நிவாரண மையத்தில் பாய், போர்வை, சாப்பாடு எல்லாம் சமூகநல இலாகாவின் கையில். மாவட்டத்தால் சமாளிக்க முடியாவிட்டால் மாநிலம், அதற்கும் மேலே போனால் மத்திய அரசு.

இந்த அடுக்கு சும்மா வந்துவிடவில்லை. 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். பல துறைகள் ஒரே கட்டளையின் கீழ் இயங்க வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அதன் பிறகு, 1997-இல், பேரிடரில் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்று வகுத்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் ஆணை வந்தது. 2014 இறுதியில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பேரிடருக்கென்றே நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு ஏற்பாட்டுக்குப் பின்னாலும் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அதை அலட்சியமாகப் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

ஆனால் உங்கள் மாமியாருக்கு உதவப் போவது ஆணையின் எண் அல்ல. அவர் பெயர் அந்தக் குழுவிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. நள்ளிரவில் அவசர எண் 999-க்கு நூறு பேர் ஒரே நேரத்தில் அழைக்கும்போது, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று அங்கிருப்பவருக்கு எப்படித் தெரியும்? மழை தொடங்கும் முன், இந்த வாரமே, மாவட்டப் பொது தற்காப்புப் படை அலுவலகத்துக்கும் சமூகநல இலாகாவுக்கும் போங்கள். அடையாள அட்டை நகல், மருத்துவர் கடிதம், வீட்டு எண், எந்த மாடி, வாசலுக்கு லாரி வருமா, இரவில் எடுக்கும் கைப்பேசி எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் வட்டார கிராமத் தலைவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். திரும்பி வரும்போது கட்டுப்பாட்டு அறையின் எண்ணைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அடுத்தது நேரம். வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது: வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்). மற்றவர்கள் பஹாயா வரை பொறுக்கலாம் என்று நினைப்பார்கள். நீங்கள் அமாரானிலேயே கிளம்புங்கள். உங்கள் ஆற்றில் கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்தால் தண்ணீர் வடிய வழியே இல்லை. ஆகவே கடல் ஏற்றம் வரும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017-இல் மாநிலத்தில் ஏழு உயிர்கள் போயின. இராணுவத்தையே அழைக்க வேண்டியிருந்தது. அன்று விடியற்காலையில் செபராங் பிறையில் ஒரு பள்ளி மண்டபத்தில் பதிவு மேசையில் இருந்தேன். ஈரச் சேலையோடு வந்த ஒரு பாட்டியின் இன்சுலின் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. சாலைகளெல்லாம் தண்ணீரில் கிடந்ததால் சுகாதாரக் குழு வந்து சேர நன்றாக விடிந்துவிட்டது. அதுவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மருந்தையும் மருத்துவமனை அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவருகே தொங்கவிடுங்கள். துணிமணி அப்புறம்.

கேள்வி: சென்ற வெள்ளத்தில் குடும்பத்தோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். நிவாரண மையத்தில் தங்கியவர்களுக்கு 1,000 ரிங்கிட் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. இது நியாயமா?
– வாசகர், பிறை

பதில்: உங்கள் ஆற்றாமை புரிகிறது, தம்பி. அந்தத் தொகை குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. மையத்தில் பதிந்தவரின் விவரம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது; சரிபார்ப்பது எளிது. அக்கா வீட்டில் இருந்தவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. அக்கா வீடு வசதியாக இருந்தால் அங்கேயே படுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போகும் வழியில் மையத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று தெரியும்படி, கழுவும் முன் சுவரைப் படம் எடுத்து வையுங்கள். கிராமத் தலைவரின் உறுதிக் கடிதத்தோடு மாவட்ட அலுவலகத்துக்கு உடனே போங்கள். மாதக்கணக்கில் தள்ளினால் உங்களுக்காகச் சாட்சி சொல்லச் சுவரில் சேற்றுக் கோடுகூட இருக்காது. மையத்தில் தங்க நேர்ந்தால், சைவச் சாப்பாடு வேண்டும் என்பதைப் பதிவு மேசையிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுப் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பத்து ஃபெரிங்கி கடற்கரையில் சுனாமி சைரன் எதற்கு? இங்கெல்லாம் நிலநடுக்கம் வராதே?
– வாசகி, தெலுக் பஹாங்

பதில்: நடுக்கம் இங்கே வர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரைக்கு அலை வந்தது மதியம் ஒரு மணியை ஒட்டி. இடையில் நான்கு மணி நேரம் இருந்தது. கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்த மாநிலத்தில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வானிலை ஆய்வு இலாகா எச்சரிக்கை முறையை ஏற்படுத்தியது. சைரன் ஒலித்தால் ஒத்திகையா என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், மேட்டுக்கு நடங்கள். கடல் திடீரென உள்வாங்கினால் சைரனுக்கும் காத்திருக்க வேண்டாம், மீன் பொறுக்கப் பிள்ளைகளை விடவும் வேண்டாம். முதல் அலை போனதும் இறங்கிவிடாதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரியதாக வரலாம். அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்புங்கள்.