கேள்வி–பதில்: ‘ஃபன்னி ஃபார்ம்’ யாரைக் கேலி செய்கிறது?

கேள்வி: நகரத்தை விட்டுக் கிராமத்தில் குடியேறும் தம்பதியரைப் பற்றிய ‘ஃபன்னி ஃபார்ம்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம் கிராமத்து மக்களை இழிவுபடுத்துகிறது என்று என் நண்பர் வாதிடுகிறார். தங்கள் கருத்து என்ன?

பதில்: படத்தின் முற்பகுதியை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பருக்கு அப்படித்தான் தோன்றும். வண்டியை நிறுத்தாமலேயே கடிதங்களை வீசிவிட்டுப் பறக்கும் தபால்காரர், கார் ஓட்டும் தேர்வில் தேறாததால் டாக்சியில் வந்து இறங்கும் ஷெரீப் (ஊர்க் காவல் அதிகாரி), சொந்த வீட்டுச் சமையலறையிலேயே காசு போட்டுப் பேச வேண்டிய தொலைபேசி என்று வெர்மான்ட் மாநிலத்தின் ரெட்பட் என்னும் கற்பனை ஊர் அங்கே ஒரு கோமாளிக் கூட்டமாகவே தெரிகிறது. இந்தப் பகுதி சற்று நீளம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், 1988இல் வெளிவந்த இந்தப் படம், ‘தி ஸ்டிங்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்ற ஜார்ஜ் ராய் ஹில் கடைசியாக இயக்கியது. அவருடைய கவனம் முழுவதும் குடியேற வந்தவர்கள் மீதே இருக்கிறது. நியூயார்க்கில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்த ஆண்டி (செவி சேஸ்), அமைதியான ஊரில் உட்கார்ந்தால் நாவல் தானாக வந்துவிடும் என்று நம்புகிறான். எழுதிய அத்தியாயங்களை மணநாள் பரிசாக மனைவி எலிசபெத்திடம் (மேடலின் ஸ்மித்) கொடுத்துப் படிக்கச் சொல்ல, எப்படி இருக்கிறது என்று கேட்டதும் அவள் அழுதுவிடுகிறாள். படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே என்பேன். பின்னர், நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்த ஆண்டி என்ற அணிலைப் பற்றி அவள் எழுதிய குழந்தைக் கதை விலைபோகும்போது, அந்த வீட்டில் மூளும் பொறாமைக்கும் ஊராருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உங்கள் நண்பருக்கான நேரடிப் பதில் இறுதிப் பகுதியில் இருக்கிறது. விவாகரத்து செய்துகொண்டு வீட்டை விற்க முடிவெடுக்கும் தம்பதியர், வாங்க வருபவர்களைக் கவர்வதற்காக, ஊருக்கு 15,000 டாலர் நன்கொடையும் ஆளுக்கு 50 டாலரும் தருவதாகக் கூறி, ஓவியர் நார்மன் ராக்வெல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழின் அட்டைகளில் வரைந்த இனிமையான கிராமத்தவர்களைப் போல நடிக்கும்படி ஊராரைக் கேட்கிறார்கள். ராக்வெல் 1939 முதல் 1953 வரை அதே வெர்மான்டின் ஆர்லிங்டன் என்ற ஊரில் வாழ்ந்து, அக்கம்பக்கத்தாரையே மாதிரிகளாக வைத்து ஓவியம் வரைந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். நகரத்தார் விரும்பும் கிராமம் பத்திரிகை அட்டையில் பிறந்தது என்பதையும், அதைக் காசுக்கு நடித்துக் காட்டும் அளவுக்கு ரெட்பட் மக்கள் கெட்டிக்காரர்கள் என்பதையும் படம் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. விற்பனையைக் கைவிட்ட பின்னரும் அந்த நன்கொடையைத் தாங்களே கொடுத்த பிறகுதான் தம்பதியருக்கு ஊரில் மதிப்பு உயர்கிறது.

கேள்வி: இதே கருவில் வேறு படம் பரிந்துரைப்பீர்களா?

பதில்: கேரி கிராண்ட், மிர்னா லாய் நடித்து 1948இல் வந்த ‘மிஸ்டர் பிளான்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் டிரீம் ஹவுஸ்’ படத்தைப் பாருங்கள். கனெக்டிகட்டில் ஆசையாக வாங்கிய பழைய வீட்டை இடித்துவிடும்படி பார்வையிட வரும் வல்லுநர்கள் ஒவ்வொருவரும் சொல்வதிலிருந்து அதன் நகைச்சுவை தொடங்குகிறது. அங்கே ஊராரைவிட, கட்டுமானச் செலவே அந்தக் குடும்பத்தை அதிகம் ஆட்டிவைக்கிறது.