பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் செய்ய என்ன வழி?

மூன்று வருடங்களுக்கு முன் நாங்களும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தோம். மடிப்பாக்கத்தில் அப்பா 1986-இல் கட்டிய வீடு. மாடியில் ஒழுகல், சுவரில் ஓதம், சித்திரை வந்தால் மேல் அறையில் படுக்கவே முடியாத சூடு. முதலில் வந்து பார்த்த ஒப்பந்ததாரர், மாடித் தரையில் பதித்திருந்த சுட்ட மண் ஓடான தட்டோட்டையும் அதன் கீழுள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தையும் மொத்தமாகப் பெயர்த்துவிட்டுப் புது சிமென்ட் தளம் போட்டு, மேலே கூலிங் டைல்ஸ் ஒட்டலாம் என்றார்.

"பெயர்த்த ரப்பிஷ் எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"அதை டிராக்டர்காரர் பாத்துப்பாரும்மா. ஏரி ஓரமா எங்கயாச்சும் தட்டிடுவாங்க."

அன்றைக்கே அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எங்களுக்குப் பக்கம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம் பெற்ற நிலம் அது. குப்பையும் கட்டட இடிபாடும் அதன் ஓரத்தை எப்படித் தின்றன என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

அதனால், எதை வாங்கலாம் என்று யோசிக்கும் முன் எதையெல்லாம் இடிக்காமல் விடலாம் என்று பாருங்கள். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது எரிபொருளின் புகை ஒருபுறம். கல்லிலேயே அடங்கியிருக்கும் கரியமில வாயுவும் பிரிந்து வெளியேறுகிறது. உலகம் மொத்தமும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமென்டால்தான். பசுமை என்று பெயர் போட்டு விற்கும் எந்தப் புது டைல்ஸும், உங்கள் மாடியில் ஏற்கெனவே நன்றாக இருக்கும் தட்டோட்டுக்கு ஈடாகாது.

அப்புறம் வந்தவர் வயதான ஒரு கொத்தனார். சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகப் பிடித்திருக்கும் ஓடு 'டங்' என்று சொல்லும். அடியில் விட்டுப்போனது பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்றவற்றில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். மாடி முழுக்கத் தட்டி முடித்தபோது குறி விழுந்தவை அறுபத்து சொச்சம் ஓடுகள் மட்டும். அவற்றை மாற்றி, இடுக்குகளைச் சுரண்டி மறுபடி நிரப்பி, தண்ணீர் தேங்கிய மூலையில் வாட்டத்தைச் சரிசெய்தோம். ஒழுகல் நின்றுவிட்டது.

சூட்டுக்குச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாள் இரவே தண்ணீரில் போட்டுத் தாளிக்க வேண்டும். கொதிக்கும், தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்தோம். மழையில் கரையும்தான். நாங்கள் வருடா வருடம் மாசிக் கடைசியில் அடிக்கிறோம். மத்தியானத்தில் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிகிறது. மேல் அறையில் ஏசி வேண்டும் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

சமையலறைக்கு இடமில்லாமல் ஒரே ஒரு தடுப்புச் சுவரை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செங்கல்லில் பூச்சு ஒட்டாத துண்டுகளைப் பொறுக்கி, மழைநீர்க் குழிக்குப் பயன்படுத்தினோம். அடியில் பெரிய கருங்கல், நடுவில் செங்கல் துண்டுகள், மேலே மணல். மாடித் தண்ணீர் அதில் வடிகட்டிக் கிணற்றுக்குப் போகிறது. 2003-இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் பல வருடங்களாகக் குழாய் மட்டும் இருந்தது, குழி தூர்ந்துபோயிருந்தது. 2019 கோடையில் கிணறு வறண்டு லாரிக்குக் காத்திருந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் லிட்டராவது கிடைக்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் எட்டு.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். தேக்கு நிலைகளைக் கழற்றாமல் இழைத்து எண்ணெய் பூசினோம். 75 வாட் மின்விசிறிகள் நான்கையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள 35 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினோம். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட் மிச்சம். சோலார் கடைசி வேலை. முதலில் செலவைக் குறையுங்கள், அப்புறம் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று பார்க்கலாம்.

எவ்வளவு தவிர்த்தும் இடிபாடு சேர்ந்தால், சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதைப் பிரித்து மறுபயன்பாட்டுக்கு மாற்றும் மாநகராட்சி ஆலைகள் இருக்கின்றன. அங்கே போகிறதா என்று வண்டிக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு ஏற்றுங்கள். மழைநீர்க் குழி போட்டால், புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, மேல் மணலை அள்ளி அலசிப் போட்டுவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடாமல் செடிகளுக்குத் திருப்பிவிடுங்கள்.