ஆலை மூடிய ஊரில் எந்த நிகழ்ச்சி நிலைக்கும்?

ஆலைகளும் சுரங்கங்களும் மூடப்பட்டுவிட்ட பழைய தொழில் நகரங்களில் திருவிழா, ஊர்வலம், பொது நிகழ்ச்சி ஆகியவற்றால் உண்மையில் பயன் உண்டா, அவற்றுள் எவை நிலைக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஊர்க்காரர்கள் தாமே செய்ய வேண்டிய ஒரு வேலை எந்த நிகழ்ச்சியில் இருக்கிறதோ, அதுதான் நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. வெளியூர்க் கலைஞர்களை மேடையேற்றிவிட்டு உள்ளூர் மக்களை நாற்காலியில் உட்கார வைக்கும் விழா, பணம் கொடுப்பவர் கையை விரித்ததுமே நின்றுபோகும்.

இதற்கு நான் முதலில் சொல்லும் சான்று, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹாம் நகரில் ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை நடைபெறும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா. தொழிலாளர் சங்கம் அதை 1871-இல் தொடங்கியது. அந்த வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டபோது விழாவும் அதோடு முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை. காரணம், ஒவ்வொரு சுரங்கக் கிராமத்துக்கும் தனக்கென ஒரு பதாகையும் பேண்டு வாத்தியக் குழுவும் இருந்ததுதான். இரண்டு கம்பங்களுக்கிடையே விரியும் அந்த ஆளுயரப் பட்டுத்துணி காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்க, கம்பம் சுமப்பவர்களோடு, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிப்பவர்களும் வேண்டும். சுரங்க விபத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்த ஆண்டில் அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தி எடுத்துவருவது வழக்கம். சுரங்கங்கள் போன பிறகு, பழைய பட்டு நைந்துபோன கிராமங்களில் மக்கள் குழு அமைத்து, பணம் திரட்டிப் புதிய பதாகைகளைச் செய்வித்தார்கள். வாத்தியக் குழுக்களோ ஒரு நாள் விழாவுக்காக ஆண்டு முழுவதும் ஒத்திகை பார்க்க வேண்டியவை; ஆகவே இளையவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும். 1934-இல் வேல்ஸ் நாட்டின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 266 பேர் மாண்டதன் நினைவாக, ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அமைத்த இசையை இவ்விழாவில் இன்றும் வாசிக்கிறார்கள். நிலக்கரியைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகளின் கைகளுக்கு அந்தத் துயரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதைவிட வேறு என்ன பயனை ஒரு விழாவிடம் நாம் எதிர்பார்க்க முடியும்?

எல்லா ஊர்களுக்கும் இத்தகைய பழைய மரபு வாய்த்திருக்காது என்பது உண்மையே. பருத்தி ஆலைகளால் வளர்ந்து, பின்னர் அவற்றை இழந்த டாட்மார்டன் என்ற சிறிய இங்கிலாந்து நகரில், 2008 முதல் தன்னார்வலர்கள் காவல் நிலையத்தின் முன்பும் ரயில் நிலையத்திலும் காய்கறிகளைப் பயிரிட்டு, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் பழைய நிலக்கரி, எஃகுத் தொழில் வட்டாரமான ரூர் பகுதியிலோ, 2010 ஜூலை 18 அன்று சுமார் 60 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை மூடி, ஏறத்தாழ 20,000 மேசைகளைப் போட்டார்கள்; மேசை பெற்றவர்கள் தங்கள் உணவையும் பாட்டையும் தாங்களே கொண்டுவந்தார்கள். அதே பகுதியின் எஸ்ஸன் நகரில், நிலக்கரியைச் சுட்டு ‘கோக்’ என்ற எரிபொருளாக்கி, 1993-இல் அணைந்துபோன உலைகளின் ஓரத்தில் குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் அமைக்கிறார்கள். விழா நாளன்று மட்டும் திறந்துவிட்டு மற்ற நாள்களில் பூட்டி வைக்கும் நினைவிடத்தைவிட, பிள்ளைகள் விளையாடும் பழைய உலைக்கூடமே மேல் என்பேன்.

இவை எதுவும் போன சம்பளத்துக்கு ஈடாகாது. அப்படி வாக்குக் கொடுத்து விழா நடத்துவது, வேலையிழந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில் போன ஊரில் வீட்டு வாடகை குறைவதால் புதியவர்கள் குடியேறுவது இயல்பு. பழைய தொழிலாளர் குடும்பங்களை மட்டும் மனத்தில் வைத்து விழா அமைத்தால், அந்தப் புதியவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அமெரிக்காவின் லோவெல் நகரத்தைப் பாருங்கள். அதன் ஜவுளி ஆலைகளும் கால்வாய்களும் 1978-இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. போரிலிருந்து தப்பி அங்கே குடியேறிய கம்போடியர் முதலான தென்கிழக்காசிய மக்கள், 1997 முதல் மெரிமாக் ஆற்றில் படகுப் போட்டியோடு தங்கள் நீர்த் திருவிழாவைக் கொண்டாடி வருகிறார்கள். ஒரு காலத்தில் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றிய அதே ஆறுதான் அது. எனவே, உங்கள் ஊரில் விழாக் குழு அமைப்பதாக இருந்தால், முதல் கூட்டத்துக்கே ஓய்வுபெற்ற தொழிலாளர்களோடு புதிதாகக் குடிவந்தவர்களையும் அழையுங்கள். அழைப்பிதழ் அச்சான பிறகு அழைத்தால், அவர்கள் பார்வையாளர்களாகத்தான் வருவார்கள்.