கண்ணில் புரை எப்படி உண்டாகிறது? வயதானவர்களுக்கு மட்டும்தான் வருமா? சொட்டு மருந்தில் கரையுமா?

"வயதானவர்களுக்கு மட்டும்தானா" என்று கேட்டிருப்பதிலேயே தெரிகிறது. உங்களுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, யாரோ ஒரு டாக்டர் "புரை ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார், நம்ப முடியாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். எனக்கு 43 வயதில் வந்தது. நான் டாக்டர் இல்லை, சேலத்தில் டாக்ஸி ஓட்டுகிறேன். டிரைவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டரைக் கேள்வி கேட்டே எரிச்சல்படுத்தித் தெரிந்துகொண்டதுதான்.

கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் சுமார் 9 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைக்குமே. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஆயுள் முழுக்க வெளியே புது அடுக்கு சேர்ந்துகொண்டே போகும், ஆனால் பழையது உதிராது. நடுவில் இருப்பது நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டானது. அந்த செல்கள் தெளிவாக இருப்பதற்காகத் தங்கள் உட்கருவையே தொலைத்துவிட்டவை. அதனால் கெட்டுப்போன புரதத்துக்குப் பதில் புதிது செய்ய அவற்றால் முடியாது. கிரிஸ்டலின் என்ற அந்தப் புரதம் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கி இருக்கும்வரை வெளிச்சம் நேராகப் போகும். வெயிலின் புற ஊதாக் கதிர், ஆக்சிஜன், சர்க்கரை, சிகரெட் எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் அதைக் குலைக்கும்போது, புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அதுதான் புரை. வெளியிலிருந்து வந்து மூடும் படலமோ, வளரும் சதையோ இல்லை.

பத்து வருஷம் ஓடின வண்டியின் ஹெட்லைட் மூடியைப் பாருங்கள். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, பல்பு புதிதாக இருந்தாலும் ரோடு தெரியாது. வயதில் வரும் புரை கிட்டத்தட்ட அந்தக் கதைதான். ஆனால் ஹெட்லைட்டில் மஞ்சள் மேல்தோலில் இருப்பதால் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும். கண்ணில் அது உள்ளே, நடுக்கருவில். சொட்டு மருந்து அங்கே போய் எதைத் தேய்க்கும்? புரையைக் கரைக்கும் என்று நிரூபணமான சொட்டு இன்றுவரை எதுவும் இல்லை. தேன், வெங்காயச் சாறு என்று யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 70 வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வந்துவிட்டது. வெள்ளெழுத்து போய்விட்டதென்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னோம். உண்மையில் லென்ஸின் நடு கெட்டியாகி ஒளியை அதிகம் வளைத்ததால் கிட்டத்தில் தெரிந்திருக்கிறது. தூரத்தில் வரும் பஸ் நம்பர் தெரியவில்லை என்று அம்மா சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

என்னுடையது வேறு வகை. எனக்கு வீசிங் உண்டு. மருந்துக்கடையில் சொன்னால் மூன்று மாத்திரை மடித்துக் கொடுப்பார்கள், அதில் குட்டியாக ஒரு வெள்ளை மாத்திரை இருக்கும். போட்ட அரை நாளில் மூச்சு லேசாகும், பசி எடுக்கும், தெம்பாக இருக்கும். போகப் போக அந்தக் குட்டி மாத்திரையை மட்டும் அட்டையாகவே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஆறு வருஷம்.

அப்புறம் ராத்திரி வண்டியில் சிக்கல் ஆரம்பித்தது. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில் எதிரே ஒரு லாரி வந்தால் அதன் விளக்கு பூச்சட்டி மத்தாப்பு மாதிரி சிதறும். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து ஷாம்பு தண்ணீரும் பழைய பேப்பரும் வைத்துத் தேய்த்தேன். வைப்பர் மாற்றினேன். 250 ரூபாய்க்கு ஒரு மஞ்சள் கண்ணாடி வாங்கிப் போட்டேன். எதிரே வருகிறவன் எல்லோரும் வேண்டுமென்றே ஹைபீம் போடுகிறான் என்று நினைத்து ஒன்றரை வருஷம் சங்ககிரி லாரிக்காரர்களைத் திட்டாத நாளில்லை. ஒரு பையனோடு டீக்கடையில் கைகலப்பு வரை போனது. அவன் லோபீமில்தான் வந்திருக்கிறான், பாவம்.

கண் டாக்டர் கண்மணியை விரிக்கும் சொட்டு போட்டுப் பார்த்துவிட்டு, திரையில் காட்டினார். சிவப்பாக ஒரு வட்டம், அதன் நட்டநடுவில் கரித்தூள் ஒட்டினது போல ஒரு திட்டு. "சர்க்கரை இருக்குதுங்களா? கண்ணுல அடி பட்டிருக்குதா? ஸ்டீராய்டு எதாச்சும் சாப்பிடறீங்களா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "வேற என்ன மாத்திரைங்க?" சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். டெக்ஸாமெத்தசோன். "இதுதாங்க ஸ்டீராய்டு."

இந்த வகைப் புரை லென்ஸின் பின் உறைக்கு ஒட்டினாற்போல, சரியாக நடுவில் வருகிறது. ஓரத்தில் இருக்க வேண்டிய செல்கள் பின்பக்கமாக நகர்ந்து வந்து அங்கே உப்பிக் குவிகின்றன. வண்டிக் கண்ணாடியில் இடது ஓரம் அழுக்காக இருந்தால் ஓட்டிவிடலாம், டிரைவர் முகத்துக்கு நேரே கட்டைவிரல் அளவு பிசுக்கு இருந்தால் முடியுமா? இருட்டில் கண்மணி விரிந்திருக்கும்போது வெளிச்சம் திட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஹெட்லைட் அடித்ததும் கண்மணி சுருங்கும், வழி முழுக்க அந்தத் திட்டுதான். பட்டப்பகல் வெயிலிலும் இதே கதைதான்.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். நுரையீரல் டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. ரொம்ப நாள் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் அதுவும் ஆபத்து. கேட்டுத்தான் குறைக்க வேண்டும். என் தப்பு, சீட்டில்லாமல் வாங்கித் தின்றது. சர்க்கரைக்காரர்களுக்கும் புரை சீக்கிரம் வரும், அடிபட்டாலும் வரும், பிறக்கும்போதே சில குழந்தைகளுக்கு இருக்கும்.

"முத்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது முழு லென்ஸையும் வெளியே எடுத்த காலத்துப் பேச்சு. இப்போது 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, மீயொலியால் (அல்ட்ராசவுண்ட்) புரையை உடைத்து உறிஞ்சி, மடித்த லென்ஸை உள்ளே விட்டு விரிக்கிறார்கள். முத்திக் கல்லாகிவிட்டால் உடைப்பதுதான் கஷ்டம். ஆபரேஷனுக்குக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி, பின்னால் ஒரு தாத்தா. "தம்பி, யாருக்குத் துணைக்கு வந்தே?" என்று கேட்டார் பாட்டி. லென்ஸ் வைக்கும் யோசனை வந்ததே வண்டிக் கண்ணாடி மாதிரி ஒன்றிலிருந்துதான். இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பிளாஸ்டிக் மேல்மூடி உடைந்து விமானிகளின் கண்ணில் தைத்த சில்லு உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்துத்தான், லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் 1949இல் அதே பொருளில் முதல் லென்ஸை வைத்தார்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் இரண்டு கண்ணும் இப்போது சுத்தம். அப்படியும் பாதிப் பேர் ஹைபீமில்தான் வருகிறார்கள். கம்பெனி விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டிக்கொண்டு, டிம் அடித்துக் காட்டினாலும் இறக்குவதில்லை. ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிறார்கள், இதற்கு யாராவது நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? முன்பு நான் திட்டியதில் பாதியாவது நியாயம்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும், தோலுக்குப் போடும் களிம்பு உட்பட, எடுத்துப் போங்கள். கூட ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கண்மணியை விரிக்கும் அந்தச் சொட்டு போட்டால் நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. நான் அன்றைக்கு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.