சென்டர் ஆடும் பையனும் ஐந்து ஃபவுலும்

கேள்வி: நான் கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவன். சென்டராக (வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமானவராக) ஆடும் 16 வயதுப் பையன் ஒருவனுக்குத் தடுப்பாட்டத்தில் வழிகாட்டும்படி அவன் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். பையன் 196 செ.மீ. உயரம், நன்றாகக் குதிக்கிறான். ஆனால் பல ஆட்டங்களில் மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் ஐந்து ஃபவுலும் ஆகி வெளியே வந்துவிடுகிறான். குதிக்கும் உயரத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் தனிப்பயிற்சி ஒன்றில் பணம் கட்டிச் சேர்க்கலாமா என்கிறார்கள். என் முழங்கால் பழுதானதால் அவனோடு சேர்ந்து என்னால் குதிக்க முடியாது. நான் என்ன செய்வது?

பதில்: அந்தப் பயிற்சியில் சேர்க்க வேண்டாம். ஐந்து ஃபவுலோடு வெளியே வரும் பையன் போதுமான அளவுக்கு மேலேயே குதிக்கிறான். எப்போது குதிக்கக் கூடாது என்பதைத்தான் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்னும் உயரமாகக் குதிக்கப் பழக்கினால் தரைக்குத் திரும்ப இன்னும் நேரமாகும். அந்த நேரத்துக்குள் எதிராளி அவனைக் கடந்து போவான், அல்லது அவன்மேல் மோதி ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) வாங்கிக்கொள்வான்.

விதியிலிருந்து தொடங்குங்கள். தடுப்பவன் நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எழும்பி, கைகளையும் நேராக மேலே வைத்திருந்தால், அந்த இடம் அவனுக்கே உரியது. பந்தோடு வருபவன் வந்து மோதினால் அது தடுப்பவனின் ஃபவுல் ஆகாது. கை முன்னால் சாய்ந்தாலோ உடல் முன்னால் நகர்ந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதைப் பழக்க ஒரு சுவர் போதும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதைப் பார்த்தபடி அவனை நிற்கச் சொல்லி, கைகளை உயர்த்திக் குதிக்கச் சொல்லுங்கள். விரல் நுனி சுவரில் உரசினால் கை சாய்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும். முதல் சில நாட்கள் ஒவ்வொரு முறையும் உரசும், திட்டாதீர்கள்.

அடுத்தது உங்கள் முழங்காலுக்கு ஏற்ற வேலை. வளையத்துக்குப் பக்கத்தில் பந்தோடு நின்று, எறிவதுபோல் தோளையும் பந்தையும் உயர்த்தி ஏமாற்றுங்கள். பந்து உங்கள் கையை விட்ட பிறகுதான் அவன் பாதம் தரையை விடலாம் என்பது ஒப்பந்தம். அவன் கண் பந்தைத் தொடரக் கூடாது. உங்கள் வயிற்றுப் பகுதியில் இருக்க வேண்டும், ஏனெனில் பந்தையும் தலையையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

பின்பு பேச்சு. மைதானம் முழுவதும் கண்ணில் படும் இடத்தில் நிற்பவன் சென்டர்தான். எதிரணியினர் ஸ்கிரீன் வைக்க, அதாவது வழியை மறித்து நிற்க, வரும்போது, தன் அணியின் கார்டு (வளையத்துக்குத் தள்ளி ஆடுபவன்) அதில் முட்டிக்கொள்வதற்கு முன்பே, எந்தப் பக்கம் வருகிறது என்று உரக்கச் சொல்வது அவன் கடமை. பயிற்சியில் அவன் வாய் திறக்காத ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்துங்கள். 2013-இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கிய மார்க் கசோல் பெரிதாகக் குதிப்பவர் அல்லர். நிற்கும் இடமும் ஓயாத பேச்சுமே அவருடைய ஆயுதங்கள். ஷாட் எறியப்பட்டதும் தன் ஆளை முதுகால் மறித்து ரீபவுண்டை (தவறித் திரும்பும் பந்தை) எடுப்பதோடுதான் தடுப்பாட்டம் முடிகிறது என்பதையும் கூடவே பழக்குங்கள்.

அப்படியானால் பிளாக்கே (எறியும் பந்தைக் கையால் தட்டித் தடுப்பதே) கூடாதா என்று பையன் கேட்பான். ஒரு சந்தர்ப்பத்தில் கட்டாயம் வேண்டும். அதைப் பொறுமையாக விளக்குங்கள். வேறொருவனைக் கடந்து வளையத்தை நோக்கி வருபவனின் கவனம் தான் கடந்துவந்த ஆள்மேல் இருக்கும். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து உதவிக்கு வரும் சென்டர் இரண்டு எட்டில் வந்து குதிக்கலாம். அப்போதும் பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தொட்டுவிட வேண்டும். வளைய மட்டத்துக்கு மேலே இருந்து இறங்கத் தொடங்கியபின் தொட்டால் எதிரணிக்குப் புள்ளி போய்விடும். வளையத்தின் பின்னுள்ள போர்டில் பட்ட பின்பு தொடுவதும் அப்படித்தான். வலக்கையால் எறிபவனை நேருக்கு நேர் தடுக்கும்போது இடக்கையை நீட்டினால் கை அவன் உடலுக்குக் குறுக்கே போகாது. தொட்ட பந்தைக் கோட்டுக்கு வெளியே அறைந்தால் கைதட்டல் கிடைக்கும், பந்து மறுபடி எதிரணிக்கே போகும். என்பிஏவில் 13 பருவங்களில் 11 சாம்பியன் பட்டம் வென்ற பில் ரசல் பிளாக் செய்த பந்தைத் தன் அணியினரிடமே தட்டிவிடுவதற்குப் பெயர் பெற்றவர்.

இப்போது அந்தத் தனிப்பயிற்சிக்காரர்களைப் பற்றி. வளரும் வயதில் தினமும் நூற்றுக்கணக்கில் குதிக்க வைப்பதால் முழங்கால் சிப்பிக்குக் கீழே, தசைநார் எலும்பில் சேரும் இடத்தில் வலியும் வீக்கமும் வரலாம். வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைத் தாண்டி உழைத்தால்தான் பலன் என்று சொல்பவரிடம் பையனை விடாதீர்கள். இவர்களுக்குப் பின்னாலேயே இன்னொரு கூட்டம் வரும். பையன் செய்த பிளாக்குகளை மட்டும் வெட்டி ஒட்டி வீடியோ செய்து, வெளிநாட்டுக் குழுவில் இடம், கல்வி உதவித்தொகை என்று சொல்லி முன்பணம் கேட்பார்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் குழுவுக்கு மாறுவதை உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆட்டக்காரரைப் பன்னாட்டு அளவில் இடம் மாற்றித் தரும் முகவருக்கு ஃபிபா உரிமம் வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியையும் பாஸ்போர்ட்டையும் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விவரமறிந்த தேர்வாளர் முழு ஆட்டத்தின் வீடியோவைத்தான் கேட்பார்.

இந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுப்பது நம் இளையோர் போட்டிகளின் நடைமுறைதான். உயரமான பையனை வளையத்துக்குக் கீழே நட்டுவைத்து ஸோன் (ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்தைக் காக்கும் முறை) ஆடினால் அந்த ஆண்டுக் கோப்பை கிடைத்துவிடும் என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். தடுப்பவன் எந்த எதிராளியையும் நெருங்கித் தடுக்காமல் அங்கே மூன்று விநாடிக்கு மேல் நிற்பதை என்பிஏ 2001-02 பருவம் முதல் தடை செய்திருக்கிறது. ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. பக்கவாட்டில் நகரக் கற்காமலே பையன் வளர்ந்துவிடுகிறான். ஆட்டப் புள்ளிவிவரத்திலும் பிளாக்குக்கு இடம் இருக்கிறது. எதிராளியைத் தவறவைத்த நேரான கைகளுக்கு இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இதை மாற்ற யாரும் முன்வருவதில்லை. ஆகவே அந்தக் கணக்கை நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தரையில் நின்றோ நேராக எழும்பியோ எத்தனை ஷாட்டைக் கெடுத்தான், எத்தனை முறை ஏமாந்து குதித்தான். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அவனிடமும் பயிற்சியாளரிடமும் காட்டி, இரண்டாவது ஃபவுல் ஆனவுடனே அவனைப் பெஞ்சில் உட்காரவைக்காமல் சில நிமிடமாவது தொடர்ந்து ஆடவிடும்படி கேளுங்கள். ஃபவுல் ஆகிவிடுமோ என்ற நெருக்கடியில் கைகளை நேராக வைத்து ஆடுவதை ஆட்டத்துக்குள்தான் பழக முடியும்.