ஆட்டோ கேள்வி-பதில்: சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டுமா?

கேள்வி: என்னுடையது பழைய கார்புரேட்டர் கார். வெயிலில் ஓட்டி நிறுத்திவிட்டு அரை மணி கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. சாவியை எடுத்ததும் ரேடியேட்டர் ஃபேன் நின்றுவிடுகிறது. பேட்டரியிலிருந்து நேரடியாக லைன் கொடுத்து அதை ஓடவைக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: ஓடவைக்கலாம், நேரடியாக மட்டும் வேண்டாம். ஆனால் அதற்கு முன், கார்புரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) அடியில் உள்ள வெப்பத்தடுப்புப் பேக்கிங் உடைந்திருக்கிறதா, பெட்ரோல் டியூப் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடலாம். இன்ஜின் நின்றால் வாட்டர் பம்பும் நின்றுவிடும். அதன்பிறகு ஃபேன் ஆற்றுவது ரேடியேட்டரில் தேங்கிய கூலன்டைத்தான். சிலிண்டர் ஹெட்டின் சூடு அங்கேயே இருக்கும். பானட்டுக்குள் காற்று நகர்வதால் கார்புரேட்டர் சற்று ஆறும், அவ்வளவுதான் லாபம்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். 40 ஆம்பியர், நான்கு பின் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) போதும். 30-ம் எண் பின்னுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். 87 ஃபேனின் பாசிட்டிவுக்கு. ஃபேனின் நெகட்டிவ் பாடி எர்த்துக்கு. 85, 86 இரண்டும் ரிலே சுருளின் முனைகள். 85 தெர்மோ ஸ்விட்சுக்கு (சூடு ஏறினால் தானே இணையும் ஸ்விட்ச்). ஸ்விட்சின் மறுமுனை எர்த். ஒற்றை முனை ஸ்விட்ச் என்றால் அதன் உடம்பே எர்த். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் போகலாம்.

சூட்சுமம் 86-ல் இருக்கிறது. சாவி லைனையோ பேட்டரி லைனையோ அதில் நேராகக் கொடுக்காமல், 12 வோல்ட் ஆஃப்-டிலே டைமரின் (சாவியை எடுத்த பிறகும் குறித்த நேரம்வரை சப்ளை கொடுத்துவிட்டு நிறுத்தும் கருவி) அவுட்புட்டைக் கொடுங்கள். டைமருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நிரந்தர சப்ளை, ஒரு எர்த், சாவி லைனிலிருந்து ட்ரிகர் (சாவி போட்டிருக்கிறதா என்று காட்டும் சிக்னல்) வேண்டும். 5 நிமிடம் வைத்தால், சாவியை எடுத்த பிறகு சூடு இருக்கும்வரையோ 5 நிமிடம்வரையோ, எது முதலில் முடிகிறதோ அதுவரை ஓடும். ஃபேன் 12 ஆம்பியர் இழுத்தால் செலவு 1 ஆம்பியர்-அவர். டைமர் இல்லாமல் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று மணி நேரத்துக்குள் காலி.

டைமரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் என்றால் 85-86 குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடுங்கள், வெள்ளைக்கோடு 86 பக்கம். இல்லாவிட்டால் ரிலே சுருள் விடும் மின் உதைப்பில் டைமர் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? ஸ்விட்ச் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் இருந்தால், பம்ப் நின்றபின் சுடுதண்ணீர் அங்கே வராது. மேல் ஹோஸில் அடாப்டர் வைத்து இன்னொரு தெர்மோ ஸ்விட்சை இணையாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள என் டர்போ காரிலும் இதைச் செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அங்கே ஃபேன் ரிலேயை இயக்குவது இசியூ. ரிலே சுருளுக்கு நிரந்தர சப்ளை கொடுத்தால், சாவியை எடுத்த பிறகும் இசியூ வழியாகக் கரண்ட் கசிந்து பேட்டரி இறங்கலாம். இசியூவே பழுதாகவும் கூடும். மலை ஏறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்தால், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் இசியூவே ஃபேனை ஓட்டும்; பானட் திறந்திருக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள்.