தோட்டத்துக் காளானைச் சமைக்கலாமா?

கேள்வி: தொடர் மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான்கள் கூட்டமாக முளைத்துள்ளன, படம் அனுப்பியிருக்கிறேன். இது புற்றுக்காளான்தான், மஞ்சளும் புளியும் சேர்த்து வேகவைத்து, நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் என் மாமியார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து சமைக்க வேண்டாம். படத்தை மட்டும் பார்த்து ஒரு காளானை உண்ணத்தக்கது என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. அதிலும், ஒரு சாண் அகலக் குடை, அதன் நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம் என நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிபவை எல்லாம், மழைக்காலப் புல்தரைகளில் பரவலாக முளைக்கும் ‘குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்’ என்னும் நச்சுக் காளானையே நினைவூட்டுகின்றன. குடையின் அடியிலுள்ள மடிப்புகள் இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே இருப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முற்றிய குடையொன்றை வெள்ளைத்தாளில் கவிழ்த்து இரவு முழுவதும் மூடிவைத்தால், இந்த வகை பச்சை நிறத் தூளை உதிர்க்கும். ஆனால் தூள் பச்சையாக இல்லை என்பதற்காக அதை உண்ணலாம் என்று பொருளில்லை. உயிரைக் குடிக்கும் ‘அமானிட்டா’ என்னும் காளான் வகைகளின் தூள் வெள்ளைதான்.

உங்கள் மாமியார் சொல்லும் புற்றுக்காளான் உண்மையிலேயே நல்ல உணவு. அது மண்ணுக்கடியில் இருக்கும் கறையான் புற்றிலிருந்து வேர்போன்ற நீண்ட அடித்தண்டுடன் எழும்பி வரும். எனினும், தோண்டிப் பார்த்து இனம் காணும் பழக்கம் கைவந்தவர்களே அதைப் பறிக்க வேண்டும். மஞ்சள், புளி, வெள்ளிக் கரண்டி, எறும்பு மொய்த்தல் ஆகிய சோதனைகள் எவையும் நஞ்சைக் காட்டிக்கொடுக்காது. அமானிட்டாவின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

தவறிச் சாப்பிட்டுவிட்டால், வாந்தி எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துவையுங்கள். புல்தரைக் காளான் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குழந்தைகளுக்கு இதனால் ஏற்படும் நீரிழப்பே ஆபத்தாகிவிடும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். ஏனெனில் அமானிட்டா நஞ்சில், முதல் நாள் வயிற்றுப்போக்கு அடங்கி நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றும் வேளையிலேயே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே அறிகுறிகளுக்குக் காத்திராமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், 108-ஐ அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிஞ்சிய காளானைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் அது விரைவில் அழுகிவிடும்.

தொட்டால் நஞ்சு ஏறாது. குழந்தை விளையாட இறங்கும் முன் காளான்களை அடியோடு பிடுங்கி அப்புறப்படுத்திக் கைகளைக் கழுவுங்கள். மண்ணுக்குள் பூஞ்சை இழைகள் இருக்கும்வரை அவை மீண்டும் முளைக்கும் என்பதால், மழைக்காலம் முடியும்வரை தினமும் காலையில் புல்தரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.